புதன்கிழமைக் கை

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அழுகை வாசல்வரை கேட்கும். செவிலியரின் கை மட்டும் நடுங்காது.

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடுவதைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லிதான். அதுவும் இடது மேற்கையில், தோலுக்கு அடியில் அல்ல, தோலுக்குள்ளேயே. ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து நுழைத்தால்தான் வெளிறிய சிறு கொப்புளம் எழும். எழாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது என்று பொருள். துள்ளுகிற பிஞ்சுக் கையில் இது லேசுப்பட்ட வேலையா?

அதற்கு முன்பே குப்பியில் உள்ள வட்டத்தைப் பார்த்திருப்பார். நடுவிலுள்ள சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். கருத்திருந்தால் வெப்பம் பட்ட மருந்து, ஒதுக்கிவிடுவார்.

"அரை மணி நேரம் இங்கேயே உட்காரும்மா" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் பாட்டியின் பக்கம் திரும்புவார்: "புண்ணு வரும், தானா ஆறிடும். மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவாதீங்க பாட்டி."