செருப்பு, ஓசி, வருத்தம்: அமைச்சர்களின் வாய் குறித்துச் சில குறிப்புகள்

அமைச்சர்களின் பேச்சைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு வசதி உண்டு. எந்தக் கட்சியையும் விட்டுவிட வேண்டியதில்லை. சில வருடங்களாக இப்படிப்பட்ட பேச்சுகளையும், அவற்றுக்குப் பின்னால் வரும் வருத்த அறிக்கைகளையும் செய்தித்தாள்களிலிருந்து எடுத்துச் சேர்த்து வருகிறேன். முதலில் சிரிப்பதற்காகத்தான் சேர்த்தேன். சேரச் சேரச் சிரிப்பு குறைந்துவிட்டது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம் என்று இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு பிரிவினை செய்துகொள்வோம். அறியாமையால் வரும் உளறல் ஒன்று. எதிரே நிற்பவரைச் சிறுமைப்படுத்தும் பேச்சு இன்னொன்று. நம் ஊடகங்களும் மீம்ஸ் போடுகிறவர்களும் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். செல்லூர் ராஜூ 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட கதை முதல் வகை. தண்ணீர் ஆவியாவதைக் குறைக்க நீர்ப்பரப்பை மூடிவைப்பது ஒன்றும் பைத்தியக்கார யோசனை இல்லை. 2015-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். இங்கே டேப் ஒட்டிய தெர்மாகோல் அட்டைகளைக் காற்று கரைக்குத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். பணம் கொஞ்சம் போனது, ஊர் சிரித்தது, யாருடைய மானமும் போகவில்லை. அமைச்சருடையதைத் தவிர.

இரண்டாவது வகைதான் நமக்கு முக்கியம். குறிப்பாக, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு.

2020 பிப்ரவரி 6. முதுமலை தெப்பக்காட்டில் யானைகள் புத்துணர்வு முகாம் தொடக்கம். அன்றைய வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், அங்கே நின்ற பழங்குடிச் சிறுவனை "டேய்" என்று கூப்பிட்டுத் தன் செருப்பைக் கழற்றிவிடச் சொன்னார். பையன் குனிந்து கழற்றினான். சுற்றி அதிகாரிகள், கட்சிக்காரர்கள், கேமராக்கள். வீடியோ பரவியது. மசினகுடி காவல் நிலையத்தில் புகார் போனது. பேரன் மாதிரி நினைத்துத்தான் கூப்பிட்டேன் என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். பிறகு அந்தக் குடும்பத்தைச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார், புகார் திரும்பப் பெறப்பட்டது. கதை முடிந்தது.

அந்த "பேரன்" என்ற சொல்லில்தான் நான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். தமிழில் உறவுமுறைச் சொல்லுக்குப் பெரிய வலு உண்டு. முன்பின் தெரியாதவரையும் அண்ணே, அக்கா, பெரியவரே என்று கூப்பிட்டு நிமிடத்தில் உறவாக்கிக்கொள்ளும் பாஷை இது. ஆனால் உறவுமுறை என்றால் பாத்தியதையும் உண்டு. பேரனுக்குத் தாத்தாவிடம் வேலையும் இருக்கும், பங்கும் இருக்கும். காட்டில் குடியிருப்போருக்கு நிலத்தின்மீதும் வனத்தின்மீதும் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டாக்களைக் கொடுக்கவிடாமல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்று பல வருடம் குறுக்கே நின்றது. தடை விலகிய பிறகும் வேலை ஆமை வேகம்தான். பங்கு கேட்கும்போது பயனாளி, செருப்புக் கழற்றும்போது பேரன். இந்த உறவு என்ன உறவு?

திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பர் 28-இல் பழைய வேலூரிலிருந்து பிரிந்து வந்தது. மலை அதற்கெல்லாம் பிரியவில்லை. திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் என மூன்று மாவட்டங்களில் அது கிடக்கிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பக்கம் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆளுகிறவர் என்ற பொருளில்) சென்னைக் கோட்டையில் மற்ற அமைச்சர்கள் யார் என்பது பெரிய விஷயமில்லை. வனத்துறை அமைச்சர் யார் என்பது விஷயம். சுள்ளி பொறுக்குவதும் ஆடு மேய்ப்பதும் பாதை போடுவதும் அந்தத் துறையைத் தொட்டுத்தான் போகும். அந்தத் துறையின் உச்சியில் இருப்பவர் கேமரா முன்னால் "டேய்" என்றால், கீழே காட்டுப்பாதையில் கேமரா இல்லாத இடத்தில் நிற்கிறவர் என்ன சொல்வார் என்று யோசித்தால் போதும். அமைச்சரின் பேச்சு அதோடு நிற்பதில்லை, துறைக்கே அது ஒரு அனுமதிச்சீட்டு.

ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பது இந்த மலைக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7-இல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைப் பகுதி ஆட்களும் அதில் உண்டு. ஆந்திர போலீஸ் சொன்ன சொல் "செம்மரக் கடத்தல்காரர்கள்". இங்கே வீட்டார் சொன்ன சொல் "கூலிக்குப் போனவர்கள்". இரண்டு சொல்லுக்கும் இடையில் இருபது உடல்கள். அதிகாரத்தில் இருப்பவர் ஒருவரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதை வெறும் மரியாதைப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

அடுத்து "ஓசி". 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்த கையோடு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று தி.மு.க. அரசு உத்தரவு போட்டது. போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்ய அரசு அப்போது அறிவித்த தொகை 1,200 கோடி ரூபாய். அரசின் நல்ல திட்டங்களில் அது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022 செப்டம்பரில் அமைச்சர் க. பொன்முடி மேடையிலிருந்து கூட்டத்துப் பெண்களைப் பார்த்து, நீங்கள் ஓசியில்தானே பஸ்ஸில் போகிறீர்கள் என்கிற மாதிரிப் பேசினார். கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி ஓசியில் வரமாட்டேன், டிக்கெட் கொடு என்று நடத்துனரிடம் காசை நீட்டும் வீடியோ வந்தது. அது எதிர்க்கட்சிக்காரர்களின் ஏற்பாடு என்று ஆளுங்கட்சித் தரப்பு சொன்னது. இருக்கட்டும். அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியதற்குக் காரணம், அந்தச் சொல் நிஜமாகவே சுட்டது என்பதுதான்.

"ஓசி" எப்படி வந்தது என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்தில் தபால் கட்டணம் இல்லாமல் போன அரசுக் கடிதங்களின்மேல் "கம்பெனி வேலையாக" என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கெழுத்து இருக்குமாம், அதிலிருந்து வந்ததாம். கதை உண்மையானால் வேடிக்கைதான். முதல் ஓசிக்காரர் அரசாங்கமே! இன்றைக்கும் அரசு காரும் டீசலும் ஓட்டுநரும் அமைச்சருக்கு உண்டு. அதற்குப் பெயர் ஓசி இல்லை, "அரசு முறைப் பயணம்". பஸ்ஸில் ஏறும் பெண் சோப்பு வாங்கும்போதும் எண்ணெய் வாங்கும்போதும் வரி கட்டிவிட்டுத்தான் ஏறுகிறார். கொடுப்பது அரசு, அரசின் பணம் அவருடையது. நடுவில் நிற்கிற அமைச்சர் தன்னை வள்ளலாக நினைத்துக்கொள்வதிலிருந்துதான் இந்தச் சொல் பிறக்கிறது. 2025 அக்டோபரில் அ.தி.மு.க.வின் சி.வி. சண்முகம், தேர்தல் வந்தால் இலவசமாக மனைவியைக்கூடத் தருவதாகச் சொல்வார்கள் என்று தி.மு.க.வைக் கிண்டல் செய்தபோதும் இதே நினைப்புதான். மிக்சி, கிரைண்டர், ஆடு, மாடு வரிசையில் பெண்ணும் ஒரு பொருள். கட்சி வேறு, அடியில் ஓடும் நினைப்பு ஒன்று.

2022 அக்டோபரில் தி.மு.க. பொதுக்குழுவில் மு.க. ஸ்டாலின், கட்சிக்காரர்கள் புதிதாக எந்தப் பிரச்சினையையும் கிளப்பிவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் காலையில் கண்விழிக்கிறேன் என்ற பொருளில் வருந்திப் பேசினார். உண்மையான வருத்தம்தான். ஆனால் கவனியுங்கள், அந்தக் கவலை கட்சிக்கு வரும் சேதாரத்தைப் பற்றியது. பஸ்ஸில் கூனிக்குறுகி நின்ற பெண்ணைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை.

2025 ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு நடந்தன. பழைய வேலூர் மாவட்டத்தின் மூத்த அரசியல்வாதி துரைமுருகன், மாற்றுத்திறனாளிகளை நாம் வழக்கொழிக்க முயலும் பழைய சொற்களால் குறிப்பிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லை அரசு வழக்கில் நிலைநிறுத்தியவர் அவருடைய தலைவர் கருணாநிதி. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கும் மசோதாவைச் சட்டமன்றம் எடுத்துக்கொண்டதும் அதே ஏப்ரலில்தான். சட்டம் ஒரு பக்கம் முன்னே போகிறது, நாக்கு பின்னாலேயே நிற்கிறது.

இன்னொன்று பொன்முடி. சைவ, வைணவச் சின்னங்களைப் பாலியல் தொழிலோடு இணைத்து ஒரு பழைய ஆபாசத் துணுக்கை மேடையில் சொன்னார். கனிமொழியே கண்டித்தார். கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் பதவி ஏப்ரல் 11-இல் போனது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 27-ஆம் தேதி அமைச்சர் பதவியும் போனது. அப்போது அவர் வைத்திருந்த துறை எது தெரியுமா? வனத்துறை! அந்த ஆண்டு முடிவதற்குள் கட்சிப் பதவி திரும்ப வந்துவிட்டது.

இங்கேதான் என் தொகுப்பு எனக்குக் காட்டிய கணக்கு வருகிறது. ஓசிக்கு வருத்தம் போதும். பழங்குடிச் சிறுவனுக்குச் சந்திப்பு போதும். மாற்றுத்திறனாளிகளுக்கு அறிக்கை போதும். பதவி போனது, பெரும் சமய மக்களின் கோபமும் தேர்தல் பயமும் சேர்ந்தபோது மட்டும். அந்தப் பேச்சு தண்டிக்கப்பட வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தண்டனையின் அளவைப் பேச்சின் இழிவு தீர்மானிக்கவில்லை. இழிவுபட்டவரின் ஓட்டு எண்ணிக்கைதான் தீர்மானித்தது. 2021 பிரசாரத்தில் பெண்களின் இடுப்பை வெளிநாட்டு மாட்டுப் பாலோடு சேர்த்துப் பேசிய திண்டுக்கல் லியோனி, அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தலைவரானார். பிள்ளைகளின் புத்தகம் அச்சடிக்கும் இடம்!

நீதிமன்றத்திலாவது விடை இருக்கிறதா? உத்தரப் பிரதேச அமைச்சராக இருந்த ஆசம் கான், 2016-இல் புலந்த்ஷஹர் கூட்டு வன்புணர்வை அரசியல் சதி என்கிற விதமாகப் பேசினார். அதிலிருந்து கிளம்பிய கௌஷல் கிஷோர் வழக்கில் 2023 ஜனவரி 3-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அமைச்சரின் பேச்சுக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது என்றார்கள் நால்வர். பதவியின் முறையில் பேசியது அரசின் கருத்தையே காட்டுமானால் அரசும் பொறுப்பு என்று மாறுபட்டார் நீதிபதி பி.வி. நாகரத்னா. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. தெப்பக்காட்டில் செருப்பைக் கழற்றச் சொன்னவர் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பெரியவர் அல்ல, வனத்துறை.

சிலர் கேட்கலாம்: கிராமத்துப் பேச்சே இப்படித்தானே, மேடைக் கேலிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? கிராமத்துக் கேலி எனக்கும் பிடிக்கும். மாமன் மச்சான் கேலியில் காது கூசும் வார்த்தைகள் வரும். ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது, மச்சான் திருப்பிக் கொடுக்கலாம். என் சோதனை இதுதான்: கேட்டவர் அதே மொழியில் திருப்பிச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர முடியுமா? "நீயே கழட்டிக்கோ தாத்தா" என்று அந்தப் பையன் சொல்லியிருக்க முடியும் என்றால் அது பேரன் உறவு. முடியாது என்றால் அது உத்தரவு.

அதற்காக ஒவ்வொரு பேச்சுக்கும் வழக்குப் போடு என்று நான் சொல்லவில்லை. அவமதிப்புச் சட்டங்களை அகலப்படுத்தினால் அவை முதலில் பாயப்போவது அமைச்சரைக் கேலி செய்து மீம் போட்ட கல்லூரிப் பையன்மேல்தான். எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. வருத்த அறிக்கையிலிருந்து "மனம் புண்பட்டிருந்தால்" என்ற அந்த "ஆல்" விகுதியை எடுத்துவிடுங்கள். புண்பட்டது நிபந்தனை இல்லை, நடந்த விஷயம். என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், அவருக்கு இனி என்ன செய்யப்போகிறேன் என்று மூன்று வரி போதும். மூன்றாவது வரியில் ஒரு வனத்துறை அமைச்சர் தேங்கிக் கிடக்கும் வன உரிமை மனுக்களுக்கு ஒரு தேதி எழுதினால், முதல் இரண்டு வரிகளை மலையில் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள்.