காற்றை அறிந்தவர், மனிதரை அறிந்தாரா?

திரைகடலோடிய மரக்காயர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். ஆயினும் பெருங்காற்றில் ஒரு சிறு படகைச் செலுத்துவது எத்தகைய காரியம் என்பதைச் செலுத்தியவரே உரைநடையில் எழுதிவைத்த நூலைத் தமிழில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த ஏக்கத்தோடுதான் நாம் ஜோஷுவா ஸ்லோக்கம் எழுதி 1900ஆம் ஆண்டு நூலுருப் பெற்ற, உலகைத் தனியே சுற்றிவந்த கடற்பயண வரலாற்றைக் கையிலெடுத்தோம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844இல் பிறந்தவர் ஸ்லோக்கம். நீராவிக் கப்பல்கள் பெருகிப் பாய்க்கப்பல் தலைவர்களுக்கு வேலை அருகிய காலத்தில், வயலொன்றில் மட்கிக் கிடந்த 'ஸ்பிரே' என்னும் படகைப் பதின்மூன்று மாதங்கள் உழைத்துப் புதுப்பித்தார். நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். 1895 ஏப்ரல் 24இல் பாஸ்டனை நீங்கியவர், 46,000 மைல்களுக்கு மேல் கடந்து, 1898 ஜூன் 27இல் நியூபோர்ட் வந்து சேர்ந்தார். பின்னொரு நாள் அதே படகில் தனியே சென்று கடலிலேயே காணாமற்போனார்.

நூலின் உயிர்நிலை தென்னமெரிக்காவின் தென்கோடியைப் பற்றிய பகுதியாகும். 1896 மார்ச்சில் மகெல்லன் நீரிணையைத் தாண்டிப் பசிபிக்கில் நுழைந்ததும் வடமேற்கிலிருந்து புயல் தாக்குகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஆகவே பாய்களை இறக்கிவிடுகிறார். வெறும் பாய்மரத்தைப் பற்றித் தள்ளியே காற்று படகை ஓட்டுகிறது. இரண்டு நீண்ட கயிறுகளைப் பின்புறம் கடலில் இழையவிட்டுச் சுக்கானை நடுவில் வைத்துக் கட்டுகிறார். கயிறுகள் பின்பக்கத்தை இழுத்துப் பிடிப்பதால் படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிக் கவிழ்வதில்லை; பின்னால் உடைந்து வரும் அலையின் சீற்றமும் தணிகிறது.

இதைச் சொல்லுமிடத்தில் ஆசிரியர் குரலை உயர்த்துவதேயில்லை. நம் கதாசிரியர்கள் புயலைக் கண்டால் உவமைகளை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இவரோ எந்தப் பாய், எந்தக் கயிறு, எவ்வளவு நேரம் என்று கணக்கெழுதுவதுபோல் எழுதுகிறார். முப்பதாண்டுகளுக்கு மேல் கடலில் வாழ்ந்த மனிதர் தமக்குக் குமட்டல் கண்டதை, நம் காதில் மட்டும் ஓதுவதுபோல் அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டுப் போகிறார்! பின்னர் ஓரிரவு, மூழ்கிக் கிடக்கும் பாறைகள்மீது திரும்பிய பக்கமெல்லாம் வெண்ணுரை பொங்க, விடியும்வரை அவற்றினிடையே படகைத் திருப்பித் திருப்பிச் செலுத்துகிறார். அவ்விரவுக்கு அவர் செலவிடும் சொற்கள் மிகச் சில. அச்சம் நமக்குத்தான் உண்டாகிறது.

இத்தகைய நிதானம் வாய்ந்த பேனா ஓரிடத்தில் தடுமாறுவதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1895 ஆகஸ்டில் ஜிப்ரால்டரை விட்டுப் புறப்பட்டதும் மொராக்கோக் கரையிலிருந்து பாய்க்கலம் ஒன்று தம்மைத் துரத்தியதாக எழுதுகிறார். காற்று வலுக்கிறது. எதிரி நெருங்கும் வேளையிலும் நின்று, பாயைச் சுருக்கிக் கட்டுகிறார். துரத்தியவர்கள் தாங்கமுடியாத அளவு பாயை விரித்தபடி வருகின்றனர். ஒரு பேரலை அவர்கள் கலத்தைப் புரட்டியடித்துப் பாய்மரத்தைப் பறிக்கிறது. அதே அலை ஸ்பிரேயையும் உலுக்குகிறது; பாயின் அடிமரம் முறிகிறது; படகோ பிழைக்கிறது. காற்றைப் பற்றிய பாடமாக இதனினும் தெளிவான பக்கம் நூலில் இல்லை.

ஆனால் அம்மனிதர்கள் கொள்ளையர் என்பதற்கு அவர் தரும் சான்று என்ன? துரத்தி வந்தார்கள் என்பதும், ஜிப்ரால்டரில் பிறர் சொல்லிக் கேட்டதுமே. ஒரு சொல்லும் பரிமாறப்படவில்லை. போதாக்குறைக்கு, அவர்கள் தலையிலிருந்த குடுமியைக் கண்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரை இழுத்து, யாரோ கட்டிவிட்ட கதையொன்றை நகைச்சுவையாகச் செருகுகிறார். கயிற்றின் கனத்தைச் சோதிக்காமல் நம்பாதவர் இதைச் சோதிக்காமலே நம்பியிருக்கிறார். தெற்கே தீவுப் பழங்குடியினரைப் பற்றி எழுதும்போதும் இதே குறை தலைகாட்டுகிறது.

கீலிங் கோக்கோஸ் தீவுகளில் 1897இல் ஒரு மாதத்துக்கு மேல் தங்கியபோது அவர் எழுதியதை இத்துடன் ஒப்பிட வேண்டும். அத்தீவின் மலாய் மக்களும் முஸ்லிம்களே. கரையேற்றிய படகு நகர மறுத்தபோது, பெரிய நண்டு ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கைகொட்டிய குழந்தைகளை எவ்வளவு பரிவோடு எழுதுகிறார்! அங்கேதான் சிப்பி சேகரிக்கப் போன உளுத்த ஓடமொன்றில், திடீர்க் காற்று பாயைக் கிழித்தெறிய, துடுப்பின்றிப் பெருங்கடலை நோக்கி அடித்துச் செல்லப்படுகிறார். கையில் கிடைத்த ஒரு கழியால் துழாவித்தான் கரை மீள்கிறார். காற்று வீசும் திசையில் அடுத்த கரை மூவாயிரம் மைலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவில்! பழகிய மக்களைப் பற்றி அவர் பேனா பிழை செய்யவில்லை; தொலைவில் கண்டவர்களிடமே பிழைத்தது.

இந்நூலைச் சிறார்க்கெனச் சுருக்குவோர் மொராக்கோப் பக்கங்களை நீக்கிவிடலாம் எனச் சிலர் எண்ணக்கூடும். நாம் இசையோம். அவற்றை நீக்கினால், பாயைச் சுருக்கியவர் பிழைத்ததும் சுருக்காதவர் மரமிழந்ததும் சேர்ந்து போய்விடும். அப்பக்கங்களை அப்படியே வைத்து, கீலிங் அத்தியாயத்தை அடுத்ததாகப் படிக்கக் கொடுக்கலாம். குடுமியைப் பற்றிய வரியை என்ன செய்வதென்று கேட்டால், அதையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகிலிருந்து படித்துக் காட்டட்டும் என்போம்.