கிட்ஹப் சிஎல்ஐ நீட்சிகள்: உருவாக்கமும் வெளியீடும்

சாளரங்களும் பொத்தான்களும் இல்லாமல், முனையத்தில் எழுத்தால் இடப்படும் ஆணைகளை ஏற்று நிறைவேற்றும் மென்பொருள் கட்டளைவரிக் கருவி எனப்படுகிறது. நிரல்களைச் சேமிக்கவும் பலர் கூடி எழுதவும் உதவும் கிட்ஹப் தளத்துக்கென அந்நிறுவனமே உருவாக்கிய கட்டளைவரிக் கருவியான கிட்ஹப் சிஎல்ஐயின் முதல் பதிப்பு 2020 செப்டம்பரில் வெளிவந்தது. முனையத்தில் ‘ஜிஎச்’ என்ற ஈரெழுத்துப் பெயரால் அழைக்கப்படும் இக்கருவியின் இரண்டாம் பதிப்பு 2021 ஆகஸ்டில் வந்தபோது, வெளியார் எழுதும் ஆணைகளையும் கருவியின் சொந்த ஆணைகளைப் போலவே இயக்கும் வசதி அதில் சேர்க்கப்பட்டது. அவ்வாறு வெளியிலிருந்து சேரும் ஆணையே நீட்சி. அதை உருவாக்குவதும் உலகுக்கு வெளியிடுவதும் எவ்வளவு எளிது, அந்த எளிமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்னும் இரு கேள்விகளே இம்மதிப்பீட்டின் மையம்.

பெயரே விதி

நீட்சிக்கான அடிப்படை விதி இரண்டே வரிகளில் அடங்கிவிடுகிறது. நிரல் கோப்புகளை அவற்றின் மாற்ற வரலாற்றோடு சேர்த்து வைத்திருக்கும் இடமான களஞ்சியத்தின் பெயர் ‘ஜிஎச்’ என்பதிலும் அதையடுத்த சிறு கோட்டிலும் தொடங்க வேண்டும்; அக்களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் அதே பெயர் கொண்ட, இயக்கத்தக்க ஒரு கோப்பு இருக்க வேண்டும். இவை இரண்டும் அமைந்தால் அக்களஞ்சியம் நீட்சியாகிவிடுகிறது. விண்ணப்பமோ பதிவுக் கட்டணமோ ஒப்புதலுக்கான காத்திருப்போ கிடையாது.

இந்த முறை முற்றிலும் புதியதன்று. கிட் என்னும் பதிப்பாள்கை மென்பொருள், தன் பெயரையும் சிறு கோட்டையும் முன்னொட்டாகக் கொண்ட எந்த நிரலையும் தன் துணை ஆணையாக நெடுங்காலமாகவே ஏற்று வருகிறது. கொள்கலன்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் அமைப்பின் கட்டளைவரிக் கருவியான குபெக்டிஎலும் அவ்வாறே செய்கிறது. ஆனால் குபெக்டிஎல் செருகுநிரல்களைப் பகிரும் க்ரூ என்னும் மேலாளரின் பொதுப் பட்டியலில் ஒரு செருகுநிரல் இடம்பெற வேண்டுமானால், அப்பட்டியலைப் பேணுவோரின் ஆய்வை அது கடந்தாக வேண்டும். கிட்ஹப் சிஎல்ஐயில் அத்தகைய வாயிற்காப்போர் எவருமில்லை. அதன் சிறப்பும் குறையும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் நீட்சி

உருவாக்கத்தின் தொடக்கம் ‘ஜிஎச் எக்ஸ்டென்ஷன் கிரியேட்’ என்ற ஆணை. அதனோடு ஒரு பெயரைத் தந்தவுடன், முன்னொட்டுடன் கூடிய கோப்புறை உருவாகி, அதற்குள் கிட் களஞ்சியமும் தொடங்கப்பட்டு, இயக்க உரிமை பெற்ற ஒரு பேஷ் கோப்பும் வந்து அமர்கிறது. பேஷ் என்பது முனைய ஆணைகளை வரிசையாக எழுதி ஒரே நிரலாக இயக்க உதவும் மொழி. அக்கோப்பு ஒரு வணக்கச் செய்தியை மட்டுமே அச்சிடும். ஆனால் அதன் கீழே, பிற ஆணைகளுக்கு உள்ளீடுகளைக் கடத்துவது எப்படி, கிட்ஹப்பின் ஏபிஐயிடம், அதாவது பிற நிரல்கள் தளத்தோடு உரையாடுவதற்கான இடைமுகத்திடம், தகவல் கேட்டு அதை அட்டவணையாக்குவது எப்படி என்பவற்றைக் காட்டும் மாதிரித் துண்டுகள் குறிப்புரைகளாகத் தரப்பட்டிருக்கின்றன. தனிக் கையேட்டைப் புரட்டாமலே புதியவர் வேலையைத் தொடங்கிவிட இவை போதுமானவை.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஒருவர் தம் மாற்றங்களை மூல நிரலில் சேர்த்துக்கொள்ளுமாறு விடுக்கும் வேண்டுகோள் புல் ரெக்வெஸ்ட் எனப்படுகிறது. அதைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு மற்றொருவர் கேட்கப்படுவதுண்டு. அப்படிப் படிக்கப்படாமல் காத்திருப்பவற்றைப் பட்டியலிடும் ‘பார்வை’ என்ற நீட்சியை எழுதுவதற்கு, தேடல் ஆணையைப் புல் ரெக்வெஸ்டுகளின் மீது ஏவி, திறந்திருப்பவை மட்டும், ஆய்வு கோரப்பட்டவர் உள்நுழைந்திருக்கும் பயனர் என்ற இரு வடிகட்டிகளை இட்டு, களஞ்சியப் பெயர், தலைப்பு, கடைசியாக மாறிய நேரம் ஆகிய மூன்றையும் ஜேசான் என்னும் தரவு வடிவில் கேட்டால் போதும். கருவியிலேயே அமைந்துள்ள வார்ப்புரு வசதி அவற்றை நேர்த்தியான பத்திகளாக அடுக்குவதோடு, நேரத்தை ‘இரண்டு மணி நேரத்துக்கு முன்’ என்ற பாங்கில் ஆங்கிலத்தில் எழுதியும் தருகிறது. கடவுச்சொல் கேட்பது, அடையாளத்தைச் சரிபார்ப்பது, பக்கம் பக்கமாக வரும் விடையைக் கோப்பது ஆகிய தொல்லைகளில் ஒன்றுகூட நிரலருக்கு இல்லை. பயனர் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதே அனைத்துக்கும் போதுமானதாகிறது. வேறொரு சூழலில் ஒரு நாள் முழுதும் எடுக்கக்கூடிய வேலை இங்கே சில வரிகளில் முடிகிறது.

எழுதியதை வெளியிடும் முன்பே சோதிக்க, அக்கோப்புறைக்குள் நின்று, நிறுவும் ஆணையோடு ஒரு புள்ளியை மட்டும் இட்டால் போதும். புள்ளி என்பது ‘இப்போதுள்ள கோப்புறை’ என்பதன் குறியீடு. கருவி கோப்பைப் படியெடுக்காமல் அதற்கு ஓர் இணைப்பை மட்டுமே வைப்பதால், கோப்பில் செய்யும் திருத்தம் அடுத்த முறை ஆணையை இயக்கும்போதே தெரிகிறது. மீண்டும் மீண்டும் நிறுவ வேண்டியதில்லை.

இருமக் கோப்பாக வெளியிடுதல்

பேஷ் நீட்சிக்கு ஓர் எல்லை உண்டு. விண்டோஸில் அது இயங்க, கிட் ஃபார் விண்டோஸ் தொகுப்போடு வரும் ஷெல் தேவைப்படுகிறது. நிரல் வேறு துணைக் கருவிகளை நாடினால் அவையும் பயனரின் கணினியில் இருந்தாக வேண்டும். இதற்கான மாற்று, முன்கூட்டியே தொகுக்கப்பட்ட இருமக் கோப்பு, அதாவது கணினி நேரடியாக இயக்கத்தக்க வடிவம். உருவாக்கும் ஆணையில் கோ மொழியைத் தேர்ந்தால், கிட்ஹப்போடு பேசுவதற்கான கோ-ஜிஎச் நூலகத்தைப் பயன்படுத்தும் மாதிரி நிரலும், வெளியீட்டைத் தானியக்கமாக்கும் பணிப்பாய்வுக் கோப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. அதன்பின் நிரலர் செய்ய வேண்டியது, ‘வி’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிப்பு எண்ணைக் குறிச்சொல்லாக இட்டுத் தளத்துக்கு அனுப்புவது மட்டுமே. லினக்ஸ், மேக், விண்டோஸ் ஆகியவற்றின் பல்வேறு செயலிகளுக்குமான கோப்புகளைக் கிட்ஹப்பின் கணினிகளே தொகுத்து வெளியீட்டுப் பக்கத்தில் ஏற்றிவிடுகின்றன.

வேறு மொழியைத் தேர்பவருக்கும் வழி அடைபடவில்லை. ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதுவோர் தொகுப்புக்கான ஆணைகளைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயர் இயங்குதளத்தின் பெயராலும் செயலி வகையாலும் முடிய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பயனரின் செயலிக்கு ஏற்ற கோப்பு இல்லாதபோது கருவி வெறும் பிழையைக் காட்டி நின்றுவிடுவதில்லை. அதைச் சேர்க்குமாறு நீட்சியின் ஆசிரியரைக் கேட்பதற்கான முழு ஆணையையும் எழுதிக் காட்டுகிறது. பிழைச் செய்தியிலும் பயனரை வழிநடத்தும் இந்த அக்கறை போற்றத்தக்கது.

கண்டறிதலும் புதுப்பித்தலும்

நீட்சியைப் பிறர் கண்டறிய வேண்டுமானால், களஞ்சியத்துக்கு ‘ஜிஎச்-எக்ஸ்டென்ஷன்’ என்ற தலைப்புச்சொல்லை இட வேண்டும். இதைச் செய்யாவிட்டாலும் பெயர் அறிந்தவர் அதை நிறுவிக்கொள்ளலாம். ஆனால் தேடல் ஆணையிலும், முனையத்திலேயே பட்டியலையும் விளக்கக் கோப்பையும் அருகருகே காட்டும் உலாவல் திரையிலும் அது தோன்றாது. உருவாக்கும் ஆணை களஞ்சியத்தைத் தொடங்குவது வரை உதவிவிட்டு, இந்தக் கடைசிப் படியை நிரலரின் நினைவுக்கே விட்டுவிடுவது ஒரு குறையே.

புதுப்பிக்கும் ஆணை ஒவ்வொரு நீட்சிக்கும் தனித்தனியாகவோ எல்லாவற்றுக்கும் ஒருசேரவோ இயங்கும். பேஷ் நீட்சிக்கு அது களஞ்சியத்தின் முதன்மைக் கிளையில் உள்ளதை அப்படியே இழுத்து வருகிறது. ஆகவே ஆசிரியர் அக்கிளையில் அரைகுறையாக விட்டுவைத்த வேலையும் பயனரை எட்டிவிடக்கூடும். இருமக் கோப்பு வெளியீடுகளாகப் பிரிந்திருப்பதால் அங்கே இந்த ஆபத்து குறைவு. குறிப்பிட்ட ஒரு பதிப்பில் நிலைத்திருக்க விரும்புவோர், நிறுவும்போதே அப்பதிப்பைப் பொருத்திப் பூட்டிவிடலாம்.

குறைகளும் பொறுப்பும்

பெயரே பதிவாக இருப்பதன் முதல் விளைவு பெயர் மோதல். இரு ஆசிரியர்கள் ஒரே பெயரில் நீட்சி எழுதினால், ஒரு கணினியில் அவற்றுள் ஒன்றை மட்டுமே வைத்திருக்க முடியும். கருவியின் சொந்த ஆணை ஒன்று பின்னாளில் அதே பெயரில் வந்தால் சொந்த ஆணைக்கே முன்னுரிமை. அப்போது நீட்சியை ‘எக்ஸிக்’ என்ற துணை ஆணையின் வழியே சுற்றித்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

இதனினும் பெரியது நம்பகம் பற்றிய கேள்வி. நீட்சியை அடைத்து வைக்கும் தனிக் கூண்டு ஏதுமில்லை. பயனரின் கணினியில் அவர் செய்யக்கூடிய அனைத்தையும் அதுவும் செய்ய முடியும். கிட்ஹப் கணக்குக்குள் நுழைவதற்கான டோக்கன் என்னும் மறைசாவியைக் கருவியிடம் கேட்டுப் பெற ஒரே ஆணை போதும். அந்த ஆணையை எந்த நீட்சியும் இயக்கலாம். உள்நுழைவின் தொல்லையை நீக்கிய அதே ஏற்பாடுதான் இந்த வாயிலையும் திறந்து வைக்கிறது. பிறர் எழுதிய நீட்சிகளுக்குத் தான் சான்றளிப்பதில்லை என்று கிட்ஹப்பும் தன் ஆவணத்தில் தெளிவாகவே கூறுகிறது. ஆகவே வாயிற்காப்போர் செய்திருக்க வேண்டிய ஆய்வு, வெளியிடுபவரின் நேர்மையின் மீதும் நிறுவுபவரின் கவனத்தின் மீதும் இறங்குகிறது.

தீர்ப்பு

நீட்சி எழுதுபவருக்குக் கிட்ஹப் சிஎல்ஐ தரும் அனுபவம் மிகச் சிறந்தது. எண்ணம் தோன்றிய மாலையிலேயே அதை எழுதி, சோதித்து, பிறர் கையில் சேர்த்துவிட முடிகிறது; தம் குழுவின் அன்றாடச் சிறு வேலைகளைச் சுருக்க விரும்பும் எந்த நிரலருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். தனிப் பயனுக்கும் குழுப் பயனுக்கும் பேஷ் போதும். அந்நியர் பலர் நிறுவுவார்கள் என்று கருதினால் தொடக்கத்திலேயே கோ மொழியைத் தேர்ந்து, பதிப்பு எண்ணிட்டு வெளியிடுவதே முறை. நிறுவுபவர் செய்ய வேண்டியதும் இரண்டு: பேஷ் நீட்சியாக இருந்தால் அந்த ஒற்றைக் கோப்பை ஒருமுறை திறந்து படிக்க வேண்டும், இருமக் கோப்பாக இருந்தால் அதன் ஆசிரியர் யார், மூல நிரல் திறந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு பதிப்பில் பூட்டி நிறுவ வேண்டும். இந்த இரண்டையும் செய்ய நேரமில்லாதபோது நிறுவாமலிருப்பதே நன்று.