திடலைப் பூட்டிய ஆணை

கொள்ளைநோய்க் காலத்துச் சட்டங்களை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் கடுமையையே அளக்கின்றனர். ஒரு சட்டம் எவ்விடத்தில் கடுமை காட்டிற்று, எவ்விடத்தில் தளர்ந்தது என்னும் ஆராய்ச்சியே பயன் தருவது. கோவிட் நோயின் பொருட்டு 18-3-2020 முதல் மலேசியாவில் நடைமுறைக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை, ஜொகூர்த் தோட்டப்புறங்களை மனத்திற் கொண்டு அவ்வாறு நோக்குதல் தகும்.

1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பிறந்த அவ்வாணை பள்ளி, கோயில், பூங்கா, திடல் அனைத்தையும் ஒருசேர மூடிற்று. தனியே ஓடிப் பயில்வதும் குற்றமாயிற்று; கோலாலம்பூரில் அவ்வாறு ஓடியோர் நீதிமன்றப் படி ஏறினர். செம்பனைத் தோட்டங்களோ வேலை செய்ய விடப்பட்டன. எனவே காலையில் குலை வெட்டிய தொழிலாளி, மாலையில் அதே தோட்டத்துத் திடலில் மகன் கையைப் பிடித்து நடந்தால் சட்டத்தை மீறியவன் ஆவான். பகலில் அவனைத் தீண்டாத நோய் அந்தியில் தீண்டும் என்று கருதியவர் எவரும் இரார். ஆயினும் ஆணையின் பொருள் அதுவாகவே முடிந்தது.

தொடக்க நாள்களைக் கொண்டு இதனைக் குறை கூறுதல் நேர்மையன்று. உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், இந்நோய் காற்றில் பரவுவதன்று என்று அறிவித்திருந்தது. குளுவாங் வட்டாரத்துச் சிம்பாங் ரெங்கத்தில் நோய் மிகுந்தபோது, 27-3-2020 அன்று இரு குடியிருப்புகள் முற்றாக அடைக்கப்பட்டன; ஏறத்தாழ 3,570 பேர் உள்ளே இருந்தனர். நாட்டில் இத்தகைய அடைப்பு அதுவே முதலாவது. நோயின் போக்குத் தெரியாத வேளையில் கதவைச் சாத்தியவரைப் பழிப்பதற்கில்லை.

பழிக்க வேண்டியது பின்னர் நிகழ்ந்ததை. 2020 இறுதியில் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, பதிவான தொற்றுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே திறந்த வெளியில் நேர்ந்ததென்றும், கூரையின்கீழ்த் தொற்றும் வாய்ப்பு பதினெட்டு மடங்குக்கும் மேலென்றும் காட்டிற்று. அறிவு வந்த பின்னும் பல நாடுகள் பூட்டைத் திறந்த வரிசை வியப்புக்குரியது. சென்னையில் பேரங்காடிகள் செப்டம்பர் முதல் நாள் திறந்தன. திரையரங்குகள் நவம்பர் 10இல் திறந்தன. மெரினாக் கடற்கரையோ டிசம்பர் 14 வரை காத்திருந்தது! கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பரவியபின் காய்கறி வணிகத்தைத் திருமழிசை வெளிக்குக் கொண்டு சென்றதும் அதே தமிழகந்தான். வெளியின் பயனைச் சந்தைக்கு உணர்ந்தவர் மக்களின் மூச்சுக்கு உணர்ந்திலர்.

அவ்வகையில் மலேசிய அரசைப் பாராட்டவும் இடமுண்டு. 4-5-2020 முதல், உடல் தொடாத வெளிப்புற விளையாட்டுகளைப் பத்துப் பேர் வரை ஆட அது இசைந்தது. திரையரங்கு ஜூலையில்தான் திறந்தது. வரிசை சரியே, ஆனால் அந்தப் பத்து என்னும் எண் எங்கிருந்து வந்தது? நூறு மீட்டர் நீளமும் அறுபத்து நான்கு மீட்டர் அகலமும் உள்ள பந்துத் திடல் 6,400 சதுர மீட்டர். பத்துப் பேர் நின்றால் ஆளுக்கு 640 சதுர மீட்டர். 2020இல் தொழிலாளர் விடுதிகளுக்கு வகுக்கப்பட்ட விதியோ ஒருவருக்கு மூன்று சதுர மீட்டர் படுக்கை இடம் போதும் என்றது. சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் அவ்வாண்டு ஏப்ரலிலும், கிள்ளானில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் நவம்பரிலும் நோய் மூண்டது நெருக்கத்தினாலேயே. காவலர் கண் திடலிலும், நோய் விடுதியிலும் இருந்தன.

எல்லா வெளியும் ஒன்றென்பதும் இல்லை. 28-1-2021 தைப்பூசத்தில் பெருங்கூட்டத்தைத் தவிர்த்தது தக்கதே. தேர் வடத்தருகே தோளோடு தோள் உரசும் கூட்டத்திற்கு வானமே கூரையாயினும் காப்பில்லை. அன்னதானப் பந்தலைச் சொல்லவே வேண்டா. ஆக, பிரித்துப் பார்க்க வேண்டியது நெருக்கத்தையும் தனிமையையும். உள்ளும் புறமுமாக மூடுவது அந்தப் பிரிப்பைச் செய்வதில்லை.

இப்பிழைக்குச் சொல்லும் துணை போயிற்று. ‘சமூக இடைவெளி’ என்ற மொழிபெயர்ப்பைத் தமிழ் ஏடுகள் ஓயாது வழங்கின. தீண்டாமையை நினைவூட்டும் அச்சொல் வேண்டாமென்று தமிழகத்தில் எழுந்த மறுப்பு நியாயமானது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே உடல் இடைவெளி என்ற வழக்கை விரும்பிற்று. விலக வேண்டியது உடலே. ஊர் கூடும் இடத்தைப் பகையாகக் காண வேண்டியதில்லை. மன்றம், பொதியில் என மரநிழலுக்கும் பெயரிட்டு வாழ்ந்த மக்களுக்கு இதனைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோட்ட லயத்தில் வெளியே மனையின் பாதி. முன்னறையில் மூவர் அமர்ந்தால் நான்காமவர் வாசலில் நிற்பார். பிள்ளைகள் வளர்வது திடலில். மாடி வீட்டாருக்குப் பூங்கா பொழுதுபோக்கு. லயத்தாருக்குத் திடல் கூடம். அதனைப் பூட்டுவது வீட்டுச் சுவரை இன்னும் நெருக்குவதாகும், அந்நெருக்கத்திலேதான் நோயும் வாழ்கிறது. முன்னோர் மருத்துவம் இதற்கு நேர்மாறு: 1904இல் பெர்லினையடுத்த சார்லொட்டன்பர்க்கில், காசநோய்க்கு அஞ்சிய நலிந்த பிள்ளைகளுக்காகக் காட்டில் பள்ளி நடத்தினர்.

அடுத்த கொள்ளைநோய்க்கு விதி எழுதுவோர், சுண்ணாம்பும் மணிக்கூண்டும் கொண்டு திடலை ஆளலாம். லயத்துக்கு ஒரு மணி நேரம். குடும்பத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்கு வட்டம் பத்து மீட்டர். அதனை மேற்பார்க்கத் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரும் கிராணியாரும் போதும். காவலர் விடுதிப் பக்கம் செல்லட்டும்.