பின்னால் நின்று பாருங்கள்

புதிய கார் ஒன்று வந்து நின்றால் எல்லோரும் முன்பக்கம்தான் கூடுகிறார்கள். கிரில் எப்படி, ஹெட்லைட் எப்படி, முகம் முறைக்கிறதா சிரிக்கிறதா என்று பேச்சு ஓடும். நான் பின்பக்கம் போய்விடுவேன். கூரை எந்த இடத்தில் இறங்கத் தொடங்குகிறது, எவ்வளவு நிதானமாக இறங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பேன். வரைந்தவருக்குக் காற்றைத் தெரியுமா தெரியாதா என்பது அங்கேதான் தெரியும்.

முன்னால் காற்றை விலக்குவது எளிது. விலகிய காற்றைப் பின்னால் சண்டையில்லாமல் சேர்த்துவைப்பதுதான் கடினம். பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்று நீர் சுழித்துக்கொண்டு கிடக்குமே, ஓடும் காரின் முதுகுக்குப் பின்னாலும் அதுதான் நடக்கிறது. உடலை ஒட்டி வந்த காற்று பிய்ந்து விலகும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு காரைப் பின்னுக்கு இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதை வெல்ல என்ஜின் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். ஒரு வடிவம் எவ்வளவு தடை தருகிறது என்பதை இழுவைக் கெழு என்ற எண்ணால் சொல்வார்கள். குறையக் குறைய நல்லது.

எட்மண்ட் ரும்ப்ளர் விமானம் கட்டியவர். 1921இல் பெர்லின் மோட்டார் கண்காட்சிக்கு அவர் கொண்டுவந்த காரை மேலிருந்து பார்த்தால் நீர்த்துளி போல இருக்கும்: முன்னால் உருண்டை, பின்னால் கூர்மை. சுமார் நூறு கார்களோடு தயாரிப்பு நின்றது. சில கார்கள் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்காகக் கொளுத்தப்பட்டன. 1979இல் வோக்ஸ்வாகன் தன் காற்றுச் சுரங்கத்தில் ஒரு ரும்ப்ளரை வைத்து அளந்தபோது கிடைத்த எண் 0.28. அன்று தெருவில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனாலும் என் மனம் நிற்பது டாட்ரா 77இல்தான். செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு வடிவம் தந்த பால் ஜாரேயின் சிந்தனையை வாங்கி, ஹான்ஸ் லெட்விங்காவின் குழு செக்கோஸ்லோவாக்கியாவில் 1934இல் வெளியிட்ட கார் அது. காற்றால் குளிரும் V8 என்ஜினைப் பின்னால் வைத்தார்கள். முன்னால் ரேடியேட்டர் தேவையில்லை என்றானதும் மூக்கு தாழ்ந்து உருண்டது. கூரை விண்ட்ஷீல்டின் உச்சியில் புறப்பட்டு, ஒரே மூச்சில் பின் பம்பர் வரை இறங்குகிறது. அந்தச் சரிவின் நடுவில், மீனின் முதுகுத்துடுப்பு போல ஒரு தகடு நிற்கிறது. 60 குதிரைத்திறன் மட்டுமே உள்ள அந்தப் பெரிய கார் 140 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. என்ஜினின் எடை முழுக்கப் பின்னால் இருந்ததால் வளைவுகளில் வால் வெளியே தள்ளும். ஓட்டுபவருக்கு நிதானம் வேண்டும். அதற்காக அந்தக் கூரைக்கோட்டை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதைவிட நேர்மையான கோடு இன்னொரு காரில் வரையப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஜாரேயின் வழியில் ஒரு சிக்கல் இருந்தது. காற்றை முழுவதும் சேர்த்துவைக்க வால் நீண்டுகொண்டே போக வேண்டும். அப்படி ஒரு காரை எந்தத் தெருவில் நிறுத்துவது? 1930களில் ஸ்டுட்கார்ட்டில் வூனிபால்ட் காமும், கோனிக் ஃபாக்ஸென்ஃபெல்டும் துணிந்து ஒரு விடை சொன்னார்கள். கொஞ்சதூரம் சரிவாக இறக்கிவிட்டு, அப்படியே செங்குத்தாக வெட்டிவிடுங்கள், நட்டம் சொற்பம். இன்றும் அந்த வெட்டை டொயோட்டா பிரியஸின் முதுகில் பார்க்கலாம். அழகாக வெட்டியவர்கள் இத்தாலியர்கள்; 1962இல் வந்த ஃபெராரி 250 ஜிடிஓவின் வால் ஒன்று போதும்.

1955இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் வேறொரு வழியில் போனது. சிற்பியான ஃபிளாமினியோ பெர்டோனி செய்த உடல் அது. முன் சக்கரங்களுக்கு இடையே 1500 மில்லிமீட்டர், பின் சக்கரங்களுக்கு இடையே 1300 மட்டுமே. கார் முழுவதுமே பின்னால் போகப் போக ஒடுங்குகிறது. பின் சக்கரத்தின் மேல்பாதி தகட்டுக்குள் மறைந்துவிடுகிறது. பின் இண்டிகேட்டர்கள் கூரையின் ஓரத்தில், சிறு குழல்களின் வாயில் இருக்கின்றன. அதன் இழுவைக் கெழு இன்றைய கணக்கில் சாதாரணம்தான். ஆனால் பார்ப்பவருக்குக் காற்று போகும் வழியைக் கண்ணால் காட்டிய கார் வேறு இல்லை.

பந்தயத்தில் இதே வால் உயிர்ப்பிரச்சினை. 1969இல் போர்ஷே 917 நேர்சாலையில் அதிவேகத்தில் அலைபாய்ந்தது, ஓட்டுநர்கள் பயந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஆஸ்திரியாவில் சோதனை நடந்தபோது, ஜான் ஹார்ஸ்மன் என்ற பொறியாளர் ஒன்றைக் கவனித்தார். காரின் உடலெங்கும் கொசுக்கள் மோதிச் செத்து ஒட்டியிருந்தன; பின் ஸ்பாய்லரில் ஒன்றுகூட இல்லை. காற்று அங்கே போகவே இல்லை என்று அதற்கு அர்த்தம். அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, வாலைக் குட்டையாக்கி உயர்த்திக் கட்டினார்கள். ஓட்டிப் பார்த்தவர்களின் முகம் மாறியது. தடை கொஞ்சம் கூடினாலும் கார் தரையைப் பிடித்தது. 1970இல் போர்ஷே ல மான் பந்தயத்தில் முதல்முறையாக ஒட்டுமொத்த வெற்றி பெற்றது அந்தக் குட்டை வாலோடுதான்.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்த காலம் மில்லிமீட்டர்களின் காலம். 1982இன் ஆடி 100, கண்ணாடிகளை உடலோடு சமமாகப் பொருத்தி 0.30ஐத் தொட்டது. அதன் மேல் காதல் கொள்ள முடியாது, மரியாதை கொள்ளலாம்.

இப்போது எல்லாக் கார்களும் ஒரே மாதிரி ஆகிவிட்டன, காற்றுச் சுரங்கம்தான் காரணம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவை நிறைத்திருக்கும் எஸ்யுவிகளின் நிமிர்ந்த பெரிய முதுகு காற்று கேட்டதல்ல, சந்தை கேட்டது. கெழுவைக் குறைத்தாலும் அதை முகப்புப் பரப்போடு பெருக்கித்தானே தடை வருகிறது.

காற்றின் பேச்சைக் கேட்ட காரைப் பார்க்க வேண்டுமென்றால் 2022இல் மெர்சிடிஸ் செய்த மின்சாரக் காரான இகியூஎக்ஸ்எக்ஸ் இருக்கிறது. கெழு 0.17. ஒரே சார்ஜில் ஜெர்மனியிலிருந்து பிரான்சின் தென்கடற்கரை வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதன் பின் சக்கரங்களும் முன் சக்கரங்களைவிட உள்ளடங்கியவை. வேகம் பிடிக்கும்போது வாலின் கீழிருந்து ஒரு பலகை தானாகப் பின்னால் நீள்கிறது. நிறுத்தும்போது உள்ளே போய்விடுகிறது.