பி0700 என்கிற பாதி வாக்குமூலம்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற தீப்பெட்டி அளவு ஓபிடி ஸ்கேனரைப் பற்றி விற்பவர்கள் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஸ்லிப் ஆகிறதே என்று செருகிப் பார்த்தால், பல வண்டிகளில் அது பி0700 என்று மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ குறை சொல்கிறது, அதையே போய்க் கேள்' என்பதுதான் அந்தக் கோடின் பொருள். தாலுகா ஆபீசில் அடுத்த சீட்டைக் கை காட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. எந்த கியரில் விகிதம் தவறுகிறது என்று சொல்லும் பி0731 போன்ற கோடுகள் அந்த இரண்டாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும். மலிவான கருவியும் இலவசச் செயலியும் சேர்ந்து அங்கே எட்டிப் பார்ப்பது வண்டியைப் பொறுத்த அதிர்ஷ்டம். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் செய்த 327 சிப்பின் நகல்கள். பெட்டியில் 'பதிப்பு 1.5' என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். மூல நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. அந்த நிறுவனமும் 2022-ல் கடையைக் கட்டிவிட்டது. நகல்கள் மட்டும் சிரஞ்சீவி.

இவ்வளவு எரிச்சலுக்குப் பிறகும் இதை வாங்கலாம் என்றுதான் சொல்வேன், கோடுக்காக அல்ல. ஸ்லிப் என்பது அடிப்படையில் ஒரு கணக்கு. கியர் மாறாதவரை எஞ்சினின் சுற்று எண்ணிக்கையும் வண்டி வேகமும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்க வேண்டும். மேனுவல் மோடில் மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 2,000 சுற்று என்றால், 60-க்கு 3,000. அதே 60-க்கு 3,400 காட்டினால் இடையில் எங்கோ வழுக்குகிறது. இந்த இரண்டு எண்களையும் பெரும்பாலான நகல் கருவிகளே தரும். வடசென்னை கத்திவாக்கத்துக்காரர்களுக்குச் சோதனைக்களமும் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் குளிர்ந்த வண்டியோடு எர்ணாவூர் மேம்பாலம் ஒருமுறை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் அரைமணி நேரம் ஊர்ந்த பிறகு அதே மேம்பாலம் இன்னொரு முறை. பக்கத்து இருக்கையில் ஒருவர் எண்களைக் குறிக்கட்டும். சூடானபின் விகிதம் கெட்டால் புகாருக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. கியர் மாறும் கணத்தில் அரை நொடி நேரம் எஞ்சின் கத்துவதை மட்டும் இதில் பிடிக்க முடியாது; நகல் கருவி நொடிக்குச் சில எண்களைத்தான் வாங்கும். ஒரே கியரில் சீராகப் போகும்போது எடுத்த எண்களை நம்புங்கள்.

ஓட்டுபவருக்குக் காதும் காலும் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சாதியான கியர்பாக்ஸ்கள் ஓடுகின்றன. 2014-ல் மாருதி செலிரியோ பரவலாக்கிய ஏஎம்டி உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் இயந்திரத்தின் வேலை. கியர் மாறும்போது அது தலையாட்டுவது ஸ்லிப் அல்ல, சுபாவம். ஆனால் டிரெய்லர் வரிசையில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அது செய்வது ஹாஃப் கிளட்ச் ஓட்டம். தட்டு தேய்வது அங்கேதான். சிவிடி-யில் விகிதமே தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் என்பதால் மேலே சொன்ன கணக்கு அப்படியே செல்லாது. உள்தண்டு, வெளித்தண்டு வேகங்களைத் தரும் பெரிய ஸ்கேனர் வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் மேடேறும்போது லாக்-அப் விடுபட்டாலே சில நூறு சுற்று கூடும், அது நோயல்ல. எனவே அந்த வண்டிக்கு மேம்பாலத்தை விட்டுவிட்டு, சமதளத்தில் ஒரே வேகத்தில் எண்களை எடுக்க வேண்டும்.

கருவிக்குக் கண் தெரியாத இடம், ஸ்லிப்புக்கான காரணம். 'ஆயில் மாத்தினா சரியாப் போயிடும்' என்பது பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் கிடைக்கிற பதில். கசிவால் ஆயில் குறைந்திருந்தால் கசிவை அடைத்து நிரப்பினால் சரியாகலாம். உராய்வுத் தட்டுகள் கருகியிருந்தால் புது ஆயில் அவற்றை முளைக்க வைக்காது. ஏஎம்டி-யில் வழுக்குவது உலர் கிளட்ச், அதற்கும் கியர் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் வெள்ளமும் கலந்து பரவியது நினைவிருக்கும். அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியில் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால் சிவப்பு ஆயில் ரோஸ் மில்க் போலாகிவிடும். நீர் உராய்வுத் தட்டின் ஒட்டுப் பூச்சை உரிக்கும். எந்த கோடும் இதைச் சொல்லாது. ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டு, நிறம் பார்த்து, முகர்ந்துதான் தெரிய வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள், அதனால் லிஃப்டில் ஏற்றாமல் இதுவும் நடக்காது. உரிமையாளர் தன் வண்டி ஆயிலைப் பார்க்கக்கூடாது என்று யார் முடிவு செய்தார்களோ.

ஆயிரம் ரூபாய்க்கு இந்தக் கருவி நல்ல சாட்சி, நீதிபதி அல்ல. செயலியில் பெரிதாக மின்னும் 'கிளியர்' பொத்தானைப் பட்டறைக்குப் போகும் முன் அழுத்திவிடாதீர்கள்; கோடு பதிவான நேரத்து வேகமும் சூடும் அதோடு அழிந்துபோகும். வண்டியை நிறுத்தியதும் கருவியைக் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டின் 16-வது பின்னுக்கு, சாவி அணைந்திருந்தாலும் பேட்டரியிலிருந்து கரன்ட் வந்துகொண்டே இருக்கும்.