பொன் போனால் வணிகமும் போயிற்றா? பிரெனின் வாதத்தை உரசிப் பார்ப்போம்

ஐரோப்பிய வரலாறு படிக்கும் மாணவர்கள் ஆன்றி பிரென் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவர் மறைந்தபின் 1937இல் வெளிவந்த 'முகம்மதுவும் சார்லமேனும்' நூலின் வாதம் எளிது. அரபியர் படையெடுப்பால் மத்தியதரைக் கடல் வணிகம் அறுந்தது. பிராங்குகள் நாட்டில் பொற்காசு போய் வெள்ளிக்காசு வந்தது. அது வீழ்ச்சியின் அடையாளம். நம் மாணவர்கள் இதை அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதிவிடுகிறார்கள். சுருக்கமா இருக்கே, வேறென்ன வேணும்!

ஆனால் அந்தக் காசையே கொஞ்சம் பாருங்கள். திரெமிசிஸ் என்று பெயர். எடை சுமார் 1.3 கிராம். ஒரு பக்கம் ஊர்ப்பெயர், மறுபக்கம் அச்சடித்தவர் பெயர். அரசன் பெயர் அரிதாகவே வரும். மதெலினுஸ் என்ற நாணயக்காரர் மாஸ்திரிக்டில் காசு அடித்தவர். 630களை ஒட்டி ரைன் ஆறு கிளை பிரியும் டோரெஸ்டாட் துறைமுகத்துக்கு இடம் மாறினார். வணிகம் படுத்துக்கிடந்த ஊருக்கா போயிருப்பார்? பின்னர் வடக்கே ஃபிரிசியர்கள் பொன்னைக் குறைத்து, அவர் பெயரையே பொறித்துப் போலிக்காசு அடித்தார்கள். மதிப்பில்லாத காசை யாருங்க நகலெடுப்பா?

காலக்கணக்கும் இடிக்கிறது. சிரியாவும் எகிப்தும் 640களிலேயே அரபியர் வசமாகிவிட்டன என்று பிரென் பக்கம் நின்று வாதிடலாம்தான். ஆனால் பிராங்குகளின் பொன்னில் வெள்ளி கலப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 670களில் வெள்ளி தெனாரியுஸ் வந்தபோது கார்த்தேஜ்கூட விழவில்லை; அது 698இல்.

பிரென் சறுக்கும் இடம், பொன்னையும் செழிப்பையும் ஒன்றாக்கியது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குத் திரெமிசிஸ் ரொம்பப் பெரிய காசு. சில்லறைக்கு வெள்ளிதான் தோது. டோரெஸ்டாட்டும், கான்ஷ் ஆற்றங்கரைக் குவென்டோவிக்கும் வெள்ளிக் காலத்தில்தான் உச்சத்தில் இருந்தன. பிரெனுக்கு இந்த இரண்டு துறைமுகங்களும் தெரியும்; விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார். டோரெஸ்டாட்டில் பெரிய அளவிலான அகழாய்வு 1967இல்தான் தொடங்கியது என்பதையும் அவருக்காகச் சொல்லவேண்டும்.

விடைத்தாளில் அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். தெற்கே மார்சேய் தளர்ந்ததை அவர் சரியாகவே கண்டார். அந்தத் தளர்ச்சியை நாடு முழுவதற்கும் நீட்டியதைத்தான் நீங்கள் கேள்வி கேட்கவேண்டும், மதெலினுஸ் காசைச் சான்றாக வைத்து.